மாமா டிவியை அணைத்த ஆட்டம்

"ஸ்டாரு நாலு பேரு இருந்தா டீமு தானா ஜெயிக்கும். ஆபீசுல குந்திக்கினு ஆள் எடுக்கறவன் என்னாத்த கிழிச்சான்? அதுக்குன்னு ஒரு படிப்பாம்!"

சிதம்பரத்தில் விளையாட்டு நிர்வாகம் படிக்கப் போகிறேன் என்றதும் தாய்மாமா சொன்னது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆனாலும் மாமா சரி என்றால்தான் அம்மா அனுப்புவாள்.

கடலூரை ஒட்டிய எங்கள் குப்பத்தில் மேட்ச் என்றால் மீன் ஏலக் கொட்டகையில்தான் கூட்டம். ஐஸ் பெட்டிகள் மேல் ஏறி உட்கார்ந்து பார்ப்போம். அந்த மீன் வாசனை இல்லாமல் கிரிக்கெட் பார்த்தால் இன்றும் எனக்கு ஏதோ குறைகிறது. ரிமோட் மாமா கையில். அவருக்குப் பிடித்த ஸ்டார் அவுட்டானால் உடனே டிவியை அணைத்துவிடுவார்.

"இனிமே என்னா இருக்குது? போயி வலையப் பாருங்கடா."

அப்படி அணைத்த ஒரு சாயங்காலம், பக்கத்துக் குப்பத்தில் வெடிச் சத்தம். கல்யாணம் என்று நினைத்துக்கொண்டோம். மறுநாள் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்த அம்மாதான் சொன்னாள்: யாரோ புது ஆளாம், கடைசியில் இறங்கி ஜெயிக்க வைத்துவிட்டாராம். கொட்டகையே மாமாவைத் திரும்பிப் பார்த்தது. "பேரே கேட்டதில்லியே" என்றார் அவர்.

பேரே கேட்காத அந்த ஆளை யார், எந்த மைதானத்தில் போய்ப் பார்த்து எடுத்தார்கள்? எனக்கு அதுதான் மண்டைக்குள் ஓடியது. ஆட்டம் ஓய்ந்த ஸ்டாரை உட்கார வைக்கப் பயப்படும் தேர்வுக்குழுக்களையும் பிற்பாடு பார்த்தேன்.

அதனால், படிப்பைக் கிண்டலடித்த அன்று மாமாவிடம் கேட்டேன். "எங்கப்பா மாதிரி வலை வுட இங்க ஆளு உண்டா மாமா? அவுரையே, குடிச்சிட்டு வந்தாருன்னு கரையில நிறுத்திட்டு, புது ஆள ஒங்க போட்டுல ஏத்துனீங்களே. அன்னிக்கு மீன அள்ளிக்கினு வரலியா? அந்த ஆள எடுத்தது யாரு?"

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

"மச்சான், ஒம் பொண்ணுக்கு வாயி ஜாஸ்தி" என்றார் மாமா. பிறகு அம்மா பக்கம் திரும்பி, "போவட்டும்" என்றார்.

இது இரண்டாம் வருடம். மாவட்டப் பெண்கள் அணிக்கு ஆள் தேடும் வேலையை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். போன ஞாயிறு சிதம்பரத்தில் பஸ் ஏறி, ஒரு கிராமத்துப் பள்ளி மைதானத்தில் இறங்கினேன். வெயில் ஏறும்வரை, பேர் தெரியாத பெண்கள் பந்து வீசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.