பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு நிறைவெண்

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு கல்லூரியில் கணக்கு ஆசிரியர். சிங்காநல்லூரிலிருந்து அம்மா, தாய்மாமாவோடு சத்தியமங்கலத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா மஞ்சள் வியாபாரி. மரியாதைக்குக் கேட்டார்: "தம்பி காலேஜ்ல என்னங்க சொல்லித் தர்றீங்க?"

"கணக்குங்க" என்று நிறுத்தியிருக்கலாம். எனக்கு அந்த நல்ல பழக்கம் கிடையாது.

"நிறைவெண்ணுன்னு ஒண்ணு இருக்குதுங்க. ஆறை எடுத்துக்குங்க. அந்த ஆறை விட்டுட்டா, மிச்சமில்லாம அதை வகுக்கறது ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணையும் கூட்டினா ஆறே வரும். இருபத்தெட்டும் அப்படித்தானுங்க."

அவர் தலையாட்டினார். அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். எட்டு இலக்கத்திலும் அப்படி ஒன்று உண்டு, 3,35,50,336, இப்போதே கூட்டிக் காட்டுகிறேன் என்று காகிதம் கேட்டேன். வேறு கிடைக்காமல் நாள்காட்டியில் அன்றைய தாளையே கிழித்துக் கொடுத்தார். நல்ல நேரம் போட்டிருந்த தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டிரண்டாகப் பெருக்கிப் பெருக்கி எழுதினேன். பஜ்ஜி ஆறியது. காபியில் ஆடை படிந்தது. பெண்தான் வந்து இரண்டையும் வைத்துவிட்டுப் போனாளாம், நான் கவனிக்கவில்லை. கடைசியில் கூட்டினால் ஒன்று குறைந்தது. மறுபடி கூட்டினேன். அப்போதும் குறைந்தது.

மாமா இருமினார். "ஒண்ணுதானே மாப்ள, போனாப் போகுது உடு."

"மூணு கோடியில ஒண்ணு குறைஞ்சா என்னங்க, தம்பி" என்றார் பெண்ணின் அப்பா, ஆறுதலாக.

"ஒண்ணு குறைஞ்சா அது நிறைவெண்ணே இல்லீங்க!" என்று கத்தியேவிட்டேன். சமையலறைப் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

டம்ளர் எடுக்க வந்த பெண் தாளை எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, ஆறுக்கு ஒண்ணையும் சேத்துனீங்க. இதுல ரெண்டுல இருந்துல்ல ஆரம்பிச்சிருக்கீங்க?"

எழுத மறந்தது ஒன்றை. உலகத்தின் எல்லா எண்ணையும் வகுக்கும் ஒன்றை. நான் முதுகலையில் தங்கப் பதக்கம் வாங்கியவன். அம்மா அதைத்தான் வந்ததும் சொல்லியிருந்தாள்.

திரும்பும் பேருந்தில் அன்னூர் தாண்டியதும் மாமா, "வேற எடம் பாத்துக்கலாம் அக்கா" என்றார்.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டில் சம்மதம் என்று தரகர் வந்து நின்றார். அம்மா அவரை இரண்டு முறை கேட்டுக்கொண்டாள், எங்களைத்தான் சொல்கிறாரா என்று.

கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் மனைவியிடம் காரணம் கேட்டேன். என் கணித ஆர்வத்தைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை வரும் என்று நினைத்தேன்.

"முன்னாடி வந்தவங்கெல்லாம் ஏற எறங்கப் பாத்தாங்க. பாடச் சொன்னாங்க, நடக்கச் சொன்னாங்க. நீங்க நிமுந்துகூடப் பாக்கல. அன்னைக்குத்தான் நிம்மதியா காபி குடுத்தேனுங்க."

இதில் எனக்குப் பாராட்டு எவ்வளவு என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.