லேத் பட்டறையில் ஒரு இன்டர்வியூ

பிள்ளைகளா, உங்க அம்மா கம்ப்யூட்டர் வேலைக்குப் போன கதையை அவள் வாயால் பலதடவை கேட்டிருப்பீர்கள். "உங்க அப்பாதான் எனக்கு அந்த வேலைய வாங்கிக் குடுத்தாவ" என்று சிரித்துக்கொண்டே முடித்துவிடுவாள். அது பொய் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் வயிறு எரிந்து நின்றதை அவள் சொல்லமாட்டாள். தெரியாமல் இல்லை, தெரிந்துதான் விட்டுவிடுகிறாள். அதனால் நானே எழுதிவைக்கிறேன். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்து, இரும்பு கடைகிற லேத் பட்டறை வைத்தவன் நான். எழுத்து முன்னே பின்னே இருக்கும், பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது அம்மா மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் குடையோடு போவாள், சாயந்தரம் நாலரைக்கெல்லாம் வீட்டில் இருப்பாள். ஊரில் பாதிப் பேருக்கு நான் லேத் அண்ணாச்சி, மீதிப் பேருக்கு டீச்சர் வீட்டுக்காரர். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவள் பி.எஸ்ஸி., நான் ஐ.டி.ஐ. என்பதெல்லாம் கல்யாணப் பத்திரிகையோடு முடிந்துபோன சங்கதி என்றுதான் நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே என்று, கோடை லீவில் இரண்டு டீச்சர்களைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு அனுப்பினார்கள். மற்ற டீச்சர் தலைவலி என்று நின்றுவிட்டாள். உங்க அம்மா பள்ளிக்கூடம் சொன்ன படிப்பை முடித்து, அதற்கு அடுத்ததையும் படித்து, அதற்கும் அடுத்ததில் சேர்ந்தாள்.

சாயந்தரம் நான் பைக்கில் போய் மாடிப்படிக்குக் கீழே நிற்பேன். மேலே கம்ப்யூட்டருக்காக ஏ.சி. போட்டிருப்பார்கள். சித்திரை வெயிலில் கரிசல் புழுதி கண்ணில் அடிக்க நான் நின்றுகொண்டிருப்பேன். அவள் இறங்கி வந்து பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடிப்பாள். அந்தக் கை சில்லென்று இருக்கும். சட்டையைத் தாண்டி அந்தக் குளிர்ச்சி இறங்கும்போது எனக்கு என்னமோ போல இருக்கும். எனக்குத் தெரியாத ஓர் இடத்தில் இருந்து என் பொண்டாட்டி வருகிறாள் என்று தோன்றும்.

ஒருநாள் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், கரண்டியைத் தூக்கியபடி நின்றுவிட்டாள். முகத்தில் ஒரு சிரிப்பு.

"தப்பு எங்கன இருக்குன்னு பிடிபட்டுட்டு" என்றாள்.

"சாம்பார்லயா?"

"இல்லங்க, புரோகிராம்ல."

நான் எத்தனையோ தமாஷ் பேசியிருக்கிறேன். அந்த மாதிரி ஒரு சிரிப்பை அவள் எனக்குச் சிரித்தது கிடையாது. உப்பு இல்லை என்று சும்மா ஒரு குறை சொன்னேன். அவள் உப்பை எடுத்து வைத்துவிட்டு மறுபடியும் யோசனைக்குப் போய்விட்டாள்.

அவளோடு காலேஜில் படித்த ஒருத்தி சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். அவள் மூலமாகத்தான் அந்த வேலை வந்தது. டெஸ்டிங் என்றார்கள். "அடுத்தவங்க எழுதின புரோகிராம்ல தப்பு எங்கன இருக்குன்னு தேடிச் சொல்லுத வேலை" என்று அம்மா விளக்கினாள்.

"அதத்தான் வீட்ல தெனமும் பாக்கியே" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் வேலை கிடைத்தால் அவள் சென்னையில் ஹாஸ்டலில் தங்கவேண்டும், நான் உங்கள் இரண்டு பேரோடு கோவில்பட்டியில் இருக்கவேண்டும். அதை அவள் என்னிடம் கேட்டாள், நான் சரி என்று சொல்லியிருந்தேன். எப்படியும் கிடைக்காது என்ற தைரியத்தில் சொன்ன சரி அது.

முதலில் போனில் பேசிப் பார்ப்போம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் போன் கிடையாது, பட்டறையில்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் அம்மா நல்ல சேலை கட்டி, பூ வைத்து, பட்டறைக்கு வந்து நின்றாள்.

"போன்ல சேலையா தெரியப்போவுது?" என்றேன்.

"எனக்குத் தெரியும்லா" என்றாள்.

லேத்தை நிறுத்தினேன். அந்த நேரம் இரண்டு பேர் வேலைக்காகக் காத்திருந்தார்கள். ஒருத்தர் கயத்தாறு லாரி டிரைவர், விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் லோடு ஏற்றப் போகிற வழியில் ஷாஃப்ட் போய்விட்டது. இன்னொருத்தர் தீப்பெட்டி ஆலை ஃபிட்டர், உருளையைக் கடையக் கொண்டுவந்திருந்தார். சத்தம் போடக்கூடாது என்று இரண்டு பேரையும் பெஞ்சில் உட்காரவைத்தேன்.

போன் அடித்தது. அம்மா எடுத்து, "குட் மார்னிங் சார்" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். அவள் லேசாகத் தயங்கினாள், பிறகு சிரித்துக்கொண்டே ஒரு பேரைச் சொன்னாள். ஒரு ஆம்பளைப் பேர். முன்னால் சாரும் இல்லை, பின்னால் அண்ணாச்சியும் இல்லை. கூடப்படித்தவனைக் கூப்பிடுகிற மாதிரி மொட்டையாகச் சொன்னாள். அந்த மாதிரி கம்பெனிகளில் சார் என்று சொல்லக்கூடாதாம், மேலதிகாரியையும் பேர் சொல்லித்தான் கூப்பிடவேண்டுமாம். இது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

நான் கையில் எண்ணெய்த் துணியோடு அப்படியே நின்றேன்.

பிள்ளைகளா, உங்க அம்மா என் பேரை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லாதே என்று நான் சொன்னதும் இல்லை. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் வீட்டுக்காரர் பேரைச் சொல்லமாட்டாள், அவளும் அப்படியே பழகிவிட்டாள். ரேஷன் கடையில் யார் பேரில் கார்டு என்று கேட்டால், மூத்தவளே, உன்னை இடுப்பில் தூக்கிவைத்து "அப்பா பேரச் சொல்லும்மா" என்பாள். நீ மழலையில் சொல்வாய், கடைக்காரர் எழுதிக்கொள்வார். எனக்கு அது பிடித்திருந்தது. எனக்கு மட்டும் என்று அவள் எடுத்துவைத்த ஒன்று அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது முகம் தெரியாத ஒருத்தன் பேரைப் பேச்சுக்குப் பேச்சு சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதுவும் என் பட்டறையில் நின்று.

டிரைவர் மெதுவாகக் கேட்டார். "அண்ணாச்சி, டீச்சர் யாருட்ட பேசுதாவ?"

"கம்பெனி ஆபீசர்ட்ட."

"ஆபீசரையே பேரச் சொல்லிக் கூப்புடுதாவளா? அப்ப உங்கள என்னன்னு கூப்புடுவாவ?"

"அண்ணாச்சிய எதுக்குக் கூப்புடணும்? கையத் தட்டினாப் போதும்லா" என்றார் ஃபிட்டர்.

வாயை மூடுங்க என்று கையைக் காட்டினேன். அம்மா எதையும் கவனிக்கவில்லை. நான் அளவு குறிக்கிற சாக்பீஸை எடுத்து இரும்புத் தகட்டில் கட்டம் கட்டமாகப் போட்டுக்கொண்டே இங்கிலீஷில் விளக்கினாள். எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. அந்தப் பேர் மட்டும் நன்றாகப் புரிந்தது. ஒவ்வொரு தடவையும் காதில் இரும்புத்தூள் விழுந்த மாதிரி இருந்தது.

கடைசியில் அந்த ஆள் தமிழுக்கு வந்துவிட்டான் போலிருக்கிறது. அம்மாவும் தமிழில் பதில் சொன்னாள். இரண்டு பிள்ளைகள், படிக்கிறார்கள் என்றாள். பிறகு திடீரென்று பேச்சு நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. ரிசீவரை என் பக்கம் நீட்டினாள்.

"உங்க பேரக் கேக்காரு. நீங்களே சொல்லுங்க."

வாங்கிப் பேரைச் சொன்னேன், தொழிலையும் சொன்னேன். அந்த ஆபீசர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இவ்வளவு நேரம் நல்லா பேசினாங்க. உங்க பேரைக் கேட்டதும் போனை உங்ககிட்ட குடுத்துட்டாங்க. உங்களுக்கு ரொம்பப் பயப்படுவாங்களா? இங்க தனியா தங்கணும். நாலு பேர் முன்னாடி நின்னு, 'நீங்க எழுதின புரோகிராம் தப்பு'ன்னு சொல்லணும். எதுக்கெடுத்தாலும் உங்களைக் கேக்கணும்னா இந்த வேலை அவங்களுக்குச் சரிவராது."

எல்லாம் இப்போது என் கையில் இருந்தது. ஆமா சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திங்கட்கிழமையில் இருந்து பழையபடி குடை, பள்ளிக்கூடம், நாலரை மணி. நாக்கு நுனி வரை அந்த வார்த்தை வந்தது. அம்மா சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்டது அவளுக்குக் கேட்டிருக்காது.

நான் பெருந்தன்மையால் பேசினேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கென்று அவள் வைத்திருந்த ஒன்றை, பயம் என்று இவன் எப்படிச் சொல்லலாம் என்று வந்த ஆத்திரத்தில் பேசினேன்.

"பயம் இல்ல சார். எங்க ஊர்ப் பக்கம் பொம்பளைங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லமாட்டாவ. உங்க பேர அவ எத்தன தடவ வேணாலும் சொல்லுவா. ஊர்ல உள்ளவன் பேரயெல்லாம் சொல்லுவா. என் பேர மட்டுந்தான் சொல்லமாட்டா. அது வேற. தப்பச் சொல்ல பயப்படுவாளான்னா, கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்ட்ட தெனம் ஒண்ணாவது கண்டுபிடிச்சிச் சொல்லிட்டுத்தான் இருக்கா."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் மெட்ராஸ்லயே வளந்தவன் சார், இது தெரியாமப் போச்சு. போனை அவங்ககிட்ட குடுங்க" என்றார்.

அம்மா வாங்கிப் பேசினாள். நன்றி சொன்னாள், அந்தப் பேரையும் சேர்த்து. ரிசீவரை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"என்ன கேட்டாரு?"

"ஒன் வீட்டுக்காரன் எப்படிப்பட்டவன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லவன்னு சொன்னேன்."

"அவர அவன் இவன்னு சொல்லாதீங்க" என்றாள்.

லேத்தைப் போட்டுவிட்டேன். டிரைவரின் ஷாஃப்டுக்கு நான் இரண்டு தடவை அளவு எடுக்கவேண்டியதாயிற்று.

வேலை கிடைத்தது. அவள் ரயில் ஏறின அன்று நீங்கள் இரண்டு பேரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அவள் உங்களுக்கு ஆயிரம் சொன்னாள். எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது.

"அந்த ஆபீசர் எங்கன உக்காருவாரு? ஒன் பக்கத்துலயா?"

"நான் இன்னும் போகவே இல்லயே, எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். வண்டி நகர்ந்த பிறகும் அவள் சிரித்துக்கொண்டே போனது தெரிந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள், உங்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பட்டறையைத் திறக்காமல் மெயின் ரோட்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அம்மாவின் கம்பெனி பேரைச் சொன்னேன். கடைக்காரர் ஏதோ தட்டிவிட்டு, "பாத்துக்கிட்டு இருங்க" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். திரையில் கம்பெனிப் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கண்ணாடிக் கதவு, நாற்காலிகள், பிறகு வரிசையாக ஆட்கள். கீழே பேர் போட்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்து அந்தப் பேரைக் கண்டுபிடித்தேன். என்னைவிட இளையவன். மீசை இல்லை. டை கட்டியிருந்தான். லட்சணமாகத்தான் இருந்தான், இல்லை என்று சொல்லமுடியாது.

பக்கத்தில் யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, என் பெருவிரலை வைத்து அவன் முகத்தை மறைத்தேன். மறைத்தபடி மற்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். உங்க அம்மா இன்னும் அதில் வரவில்லை. விரலை எடுத்தபோது, கழுவியும் போகாத பட்டறை எண்ணெய் கம்ப்யூட்டர் கண்ணாடியில் கறையாகப் படிந்திருந்தது. சட்டை நுனியால் துடைத்தேன்.