அலைக்குக் காத்திருந்த நாற்று

சாலவாக்கம் சாலையில் வண்டி சறுக்கி விழுந்து, இடது காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தேன். சம்பா நடவு முழுக்க என் மனைவி தலையில் விழுந்தது. தனியாக அவள் பார்க்கும் முதல் பயிர்.

நாற்று விட்டாயிற்று. ஐப்பசி பிறந்தும் ஏரியில் தண்ணீர் இல்லை. கிணற்றில் இருந்தது நாற்றங்காலை நனைக்கத்தான் போதும். கழனியைச் சேறாக்கி உழ மழைதான் வரவேண்டும். வயது மீறினால் நாற்று தண்டில் கணு விட்டுவிடும், நட்டாலும் பக்கக் கிளை வெடித்துத் தூர் கட்டாது.

காலையில் நாஷ்டா தட்டோடு போனையும் நீட்டுவாள். அதில் வானிலை காட்டும் உலகப் படத்தில் பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாக இருக்கும்.

"மேகக் கூட்டம் ஒண்ணு பூமியச் சுத்திக்கினே கீது மாமா. அலை மாதிரி மேக்கால இருந்து கெழக்கால போவும். இந்து மாக்கடலுக்கு வந்தா நமக்கு மழைக்குத் தோது. இப்ப அது அந்தாண்ட, பசிபிக்குல கீது. அதான் இங்க காஞ்சி கெடக்குது."

"எப்ப சுத்தி வரும்?"

"ஒரு மாசமும் ஆவும், ரெண்டு மாசமும் ஆவும்."

"நம்ம டவுன் பஸ்ஸே தேவலாம்" என்றேன். அவள் சிரிக்காமல் சட்னியை ஊற்றினாள். எனக்கோ வேறு வேலை இல்லை. தினமும், "உன் அலை உத்திரமேரூர் தாண்டிடுச்சா?" என்று வம்புக்கு இழுப்பேன். உள்ளுக்குள் பயம்தான். பயிர் போனால் பொம்பளை பார்த்த வெள்ளாமை என்று ஊர் பேசும். அது அவள் காதில் விழுவதை என்னால் தாங்கமுடியாது.

பக்கத்துக் கழனிக்காரருக்கும் எங்களுக்கும் ஒரே கிணறு. ஒருநாள் அவர் முறை, மறுநாள் எங்கள் முறை. அவருக்கு நம்பிக்கை விட்டுப்போய், தன் நாற்றங்காலை நாற்றோடு உழுதுவிட்டார். அன்று சாயங்காலம் வந்து வாசலிலேயே நின்றார்.

"எங்க மொறத் தண்ணியும் நீயே எடுத்துக்கம்மா. ஒருத்தர் நாத்தாவது பொழைக்கட்டும்."

டீயைக் கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஒருநாள் போனைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "மாமா, இந்து மாக்கடலுக்கு வந்துடுச்சு!"

பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் நுழைந்துவிட்ட மாதிரி எனக்குப் பரபரப்பு. படுத்த இடத்திலிருந்தே உத்தரவு போட்டேன். காய்ந்த துணி, வறட்டி, விறகு எல்லாம் உள்ளே வந்தது. கன்றுக்குட்டியைக் கூட வீட்டுக்குள் கட்டவைத்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. மறுநாளும் அப்படியே. வீடெல்லாம் சாணி நாற்றம்.

"இன்னா உன் அலை?" என்று கத்திவிட்டேன்.

"அலை மழையத் தூக்கிக்கினு வந்து நம்ம கழனில கொட்டாது மாமா. கடல் மேல மேகம் கட்டத் தோது பண்ணும், அவ்ளோதான். அதுல ஒரு காத்தழுத்தத் தாழ்வு உருவாவணும். அது நம்ம பக்கம் திரும்பணும். திரும்பாமயும் போவும்."

சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். இத்தனை நாளும் அவளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். கன்றுக்குட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

தாழ்வு உருவானது, திரும்பியும் வந்தது. விடாமல் பெய்த மழையில் ஏரிக்குத் தண்ணீர் வந்து, மதகு திறந்தார்கள். நாற்று சற்று முற்றியிருந்தாலும் கணு விடவில்லை.

நடவு நாளில் வீட்டில் இருப்புக் கொள்ளாமல், கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு வரப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் கழனியில் பாதிதான் நட்டிருந்தது. மீதிப் பாதி உழுது சமன் செய்து, வெறும் தண்ணீராகக் கிடந்தது. நாற்றங்காலும் காலி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"மீதி நாத்து இன்னா ஆச்சு?"

குனிந்தவாக்கிலேயே பக்கத்துக் கழனியைக் கைகாட்டினாள். அங்கே பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கழனிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அவங்க தண்ணியும் குடிச்சித்தான இது உசுரோட இருந்துச்சு. பாதி அவங்களுது."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நானா இருந்தா குடுத்திருக்க மாட்டேன்" என்றேன்.

"தெரியும் மாமா" என்றாள், அடுத்த நாற்று முடியின் கட்டைப் பிரித்துக்கொண்டே.