பியாட்றிஸ் சொல்லாமல் வைத்திருந்தது

உடுவிலில் ஜெபரட்ணமும் அவர் மனைவி பியாட்றிஸும் மிளகாய் அரைக்கிற மில் ஒன்று நடத்துகிறார்கள். அந்தத் தூளுக்குள் வருசக்கணக்காக நின்றதில் பியாட்றிஸுக்கு நெஞ்சு பழுதாகிவிட்டது. நாற்பத்தெட்டு வயதிலேயே கிணற்றடிக்குப் போய்வர மூச்சு இளைத்தது. வாய்க்குள் மருந்துப் பம்ப் அடித்தால் இழுப்புத் தணியும், இருமல் நிற்காது.

இருமலை அவள் மறைக்கவில்லை. மறைத்தது வேறொன்றை. பலமாக இருமினால் அடக்கமுடியாமல் சலம் போய் உள்ளாடை நனைந்துவிடும். பழஞ்சீலையை மடித்து உள்ளுக்கு வைத்துக்கொண்டுதான் மில்லில் நிற்பாள்.

ஒருநாள் கணவனோடு கூடியிருந்தபோதே இருமல் பிடித்தது. படுக்கை நனைந்தது. அவர் கவனிக்கும் முன் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"என்னப்பா, என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை. எனக்கு உதிலை இனி விருப்பமில்லை. விடுங்கோ."

அடுத்தநாளே மகள் அபிகாயிலின் அறைக்குப் படுக்கையை மாற்றினாள்.

ஜெபரட்ணம் வெற்றிலை போடுவதை விட்டார். மில் பூட்டியதும் சவுக்காரம் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். சந்தையால் வரும்போது வாசனைப் பவுடர் வாங்கிவந்தார். எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சொல்ல வாய் வரவில்லை.

நெஞ்சு கிளினிக்கில் தாதி சுபாஜினி கேட்டாள்: "அன்ரி, இருமேக்கை சலம் போறதோ?"

"சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லை."

பக்கத்து வாங்கில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் தரிப்பிடம் வரை போன பியாட்றிஸ் பஸ்ஸில் ஏறாமல் திரும்பி வந்தாள். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, நிலத்தைப் பார்த்தபடி, கணவனைத் தள்ளிவிட்டது வரை சொல்லிமுடித்தாள்.

"கனபேருக்கு இருக்கு அன்ரி. ஒருத்தரும் கதைக்கினமில்லை."

சலத்தை அடக்கும் தசையை இறுக்கிப் பிறகு தளர்த்தும் பயிற்சியைச் சுபாஜினி சொல்லிக்கொடுத்தாள். கணவனோடு சேர முன்னம் சலம் கழித்து, பம்ப் அடித்து, தலையணைகளை உயர்த்திச் சாய்ந்திருக்கச் சொன்னாள். பியாட்றிஸுக்குக் காது சுட்டது.

"அங்கிளுக்கும் சொல்லுங்கோ."

ஒரு கிழமை முழுக்க அதைத் தள்ளிப்போட்டாள். பிறகொரு நாள் கரண்ட் நின்று மெசின் அடங்கியிருந்தபோது, தராசைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அவர் மிளகாய்ச் சாக்கின் மேல் குந்திவிட்டார். "அப்ப உமக்கு என்னிலை வெறுப்பில்லையோ?"

"என்ன கதை உது!"

"என்னிலை நெடி அடிக்குதெண்டெல்லோ நினைச்சன்." அவர் குரல் இறங்கியது. "அக்காவிட்டையும் சொல்லிப்போட்டன், நீர் என்னைக் கிட்ட விடுறேல்லையெண்டு."

"அக்காவுக்கோ சொன்னீங்கள்?" என்றாள் பியாட்றிஸ். அவர் தலை நிமிரவில்லை.

அபிகாயில் வகுப்புக்குப் போயிருந்த ஒரு பின்னேரம் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். இடையில் இருமல் வந்தது, கொஞ்சம் நனைந்தது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"வெக்கமாக் கிடக்கு."

"துவாய் கிடக்கு. எடுத்துத் தாறன்," என்றார் அவர். துடைக்கத் துவாயைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்தார்.

மாதக்கணக்கான பயிற்சியில் சலம் போவது குறைந்திருக்கிறது, முற்றாக நிற்கவில்லை. அவர் அறைக்கே திரும்பிவிட்டாள். ஆனால் அவருடைய அக்கா வந்தால் பியாட்றிஸ் முகம் கொடுப்பதில்லை. தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள்.