கைதியாக வந்த மாப்பிள்ளை

அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்களிடம் ஒரு தலைவி இருந்தாளாம். சண்டையில் பிடிபட்டவரை ஊரே கூடித் தண்டிக்கத் துணிந்தாலும், அவள் வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டுமாம். ஆண்கள் கூடிப் பேசும் சபையிலும் அவளுக்கு இடம் உண்டாம். நான் பாடம் நடத்தும் பள்ளியில் பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒருத்தர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். காரைக்கால் கரையில் மீன் ஏலம் விடும் என் அத்தை, அப்பாவின் அக்கா. அவர் குரலுக்கு அலையே கொஞ்சம் தள்ளி நிற்கும்.

என் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. மாப்பிள்ளை பக்கத்து மீனவ ஊர். அந்த ஊர் விசைப்படகு ஒன்று எங்கள் ஆட்கள் விரித்திருந்த வலைகளைக் கிழித்துக்கொண்டு போனது. எங்கள் இளவட்டங்கள் துரத்திப் போய்ப் படகையும் ஆட்களையும் பிடித்து வந்துவிட்டார்கள். உள்ளே இருப்பது யாரென்று பார்க்க அந்த வீரர்களுக்கு நேரமில்லை. கரையில் இறக்கிய பிறகுதான் என் அண்ணன் தலையில் கை வைத்தான். இஞ்ஜின் பார்க்கும் ஆள்தான் மாப்பிள்ளை.

பஞ்சாயத்தார் தண்டம் கட்டச் சொன்னார்கள். கட்ட மாட்டோம் என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் வந்து நின்றார்கள். இரண்டு ஊருக்கும் பகையென்றால் கொள்வினை கொடுப்பினை கிடையாது. என் கல்யாணம் நின்றதுபோலத்தான்.

எங்கள் பஞ்சாயத்தில் பெண்கள் உட்காருவதில்லை. அத்தையும் உட்காரவில்லை. வஞ்சிரக் குழம்பும் சோறுமாகச் சபை நடுவே போய், பிடிபட்டவர்களுக்கு வாழை இலை போட்டார். கைதிக்கு விருந்தா என்று முறைத்த ஒருவருக்கு அத்தை பதில் சொன்னார்.

“சோறு போடாம ஆளப் புடிச்சி வெக்கிறது நம்ம வழக்கம் இல்லீங்க. தண்டம் வாங்குனா, நம்ம பொண்ணு அந்த ஊர்ல போய் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டுத் தண்ணி கேப்பா? கிழிச்சவங்க கையாலயே வலையக் கட்டிக் குடுக்கட்டும். கட்டி முடிச்சதும் படகு போகட்டும்.”

பஞ்சாயத்தார் தண்டத்தைக் கைவிட்டார்கள். குழம்பு வாசனைக்கும் அதில் பங்குண்டு. அந்த ஊர்ப் பெரியவர்களும் இலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து மாப்பிள்ளை எங்கள் ஊர் மணலில் உட்கார்ந்து வலை கட்டினார். இஞ்ஜினைத் தவிர வேறெதுவும் தொட்டறியாத கை. என் அண்ணன் முடிச்சுப் போடக் காட்டிக் கொடுத்துவிட்டுக் கேலியும் செய்தான். நான் தண்ணீர்க் குடம் தூக்கும் சாக்கில் தினமும் அந்தப் பக்கம் போய் வந்தேன். வீட்டில் குடிக்க ஆளில்லாத அளவுக்குத் தண்ணீர் சேர்ந்தது.

கல்யாணத்தில் இரண்டு ஊரும் ஒரே பந்தியில் சாப்பிட்டன. தாலி கட்டும்போது மாப்பிள்ளை கைப்பழக்கத்தில் வலை முடிச்சைப் போட்டு இறுக்கிவிட்டார். நாத்தனார் போட வேண்டிய முடிச்சைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அது வலை முடிச்சென்று தெரியவந்தது தாலி பிரித்துக் கோக்கும் நாளில்தான். பெண்கள் மாறி மாறி முயன்றார்கள். நகம் உடைந்ததுதான் மிச்சம். கட்டியவனே அவிழ்க்கட்டும் என்று அத்தை ஆளனுப்பினார். மாப்பிள்ளையும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“கட்டத்தான் சொல்லிக் குடுத்தீங்க. அவுக்க யாரும் சொல்லிக் குடுக்கலையே.”

அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு என் கழுத்திலிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்து, அப்படியே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.