தலையாட்டிவிட்டு மிதித்த சைக்கிள்

யுத்த காலத்தில் வெள்ளவத்தையிலிருந்து சிலாபத்துக்குச் சைக்கிளில் போவதென்றால், டயரில் காற்று இருக்கிறதோ இல்லையோ, பையில் காவலரண்களில் காட்ட அத்தாட்சிக் கடிதங்கள் இருக்க வேண்டும். அரசாங்க உத்தியோகத்தனான எனக்கு அதெல்லாம் அத்துப்படி. கூட வந்தவன் என் மனைவியின் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதங்கள்தான், சிங்களம் தெரியாது.

தென்னந்தோட்டங்களுக்கு நடுவே ஒரு காவலரணில், பின்னால் வந்த அவனை மறித்தார்கள். "உங்களோடு வந்தவனா?" என்று ஊர்காவல்காரன் என்னிடம் சிங்களத்தில் கேட்டான். பிசிறில்லாத சிங்களத்தில் "இல்லை" என்று தலையாட்டிவிட்டு மிதித்தேன்.

அடுத்த ஊர்த் தேநீர்க்கடையில் உட்கார்ந்தேன். யாரை அழைப்பது, என்ன சொல்வது, எல்லாம் தெரியும். கடையில் தொலைபேசியும் இருந்தது. நான் எழும்பவில்லை.

பின்னேரம் அவன் வந்து சேர்ந்தான். கன்னம் வீங்கியிருந்தது.

"நீங்கள் தெரியாத மாதிரிப் போனது நல்லதாப் போச்சு அத்தான். ரெண்டு பேரும் மாட்டியிருந்தா ஆர் போன் பண்ணுறது? நீங்கள் பெரியாக்களோட கதைச்சபடியாத்தான் விட்டவங்கள், என்ன?"

"ஓம்" என்றேன்.

வீடு திரும்பியதும் அதை அப்படியே அக்காவிடம் சொன்னான். அவள் பெரிய மீன் துண்டை என் தட்டில் வைத்தாள். இன்று அவன் தன் பிள்ளைகளுக்கும் அந்தக் கதையைச் சொல்கிறான். நான் பக்கத்திலிருந்தால், அவர்கள் என்னை மரியாதையாகப் பார்க்கிறார்கள்.