கல்யாண வீடியோவின் கடைசிப் பந்தி

சுவரில் மாலையோடு தொங்குகிறார் அங்கம்மாவின் புருஷன் கருணாகரன். ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டது. போலீஸ் பிடித்து உட்கார வைத்ததுபோல முறைப்பார். விடியலில் அந்த முறைப்பில் விழித்து, காசிமேட்டில் மீன் எடுத்து, திருவொற்றியூர்த் தெருக்களில் தொண்டை வற்றக் கூவி விற்றுத் திரும்பினால் மறுபடியும் அதே முறைப்பு. அங்கம்மாவுக்கு அலுத்துவிட்டது. மனுஷன் முறைக்கிற ரகமே இல்லை.

அவர் சிரித்தது ஒரே இடத்தில்தான் பதிவாகியிருந்தது. அங்கம்மாவின் அண்ணன் மகள் கல்யாண வீடியோவின் கடைசியில், சாம்பார் வாளியும் கையுமாகப் பந்தியில் நிற்பார். அடுத்த மாதமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். ஸ்டுடியோக்காரர் அனுப்பிய லிங்க்கில் சொந்தபந்தமெல்லாம் பார்த்தது. இறக்கி வைக்க ஒரு மகராசனுக்கும் தோன்றவில்லை. இன்றோடு அந்த லிங்க்கை மூடுகிறார்களாம். அண்ணன் போனில் சொன்னபோது அங்கம்மா பாதி வியாபாரத்தில் இருந்தாள். காலையில் குடித்த டீயோடு சரி. மிச்ச மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, தேரடிப் பக்கம் சினேகாவின் பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள்.

சினேகா இறக்கிப் பார்த்தாள். பாதியில் நின்றது. மறுபடி போட்டாள். அதே இடத்தில் நின்றது.

"ஃபைலு ரொம்பப் பெருசுக்கா. இந்த டவுன்லோடரு ஓசில இவ்ளோதான் எடுக்கும். தாலி கட்றதோட கட்டாயிடுது."

"தாலிய வச்சிகினு நான் இன்னா பண்றது? பந்தி வோணும் கண்ணு."

"சின்ன சைஸு ஒண்ணு கீது. முழுசா எறங்கும். ஆனா மூஞ்சிலாம் கலங்கலாத்தான் தெரியும்."

"எறக்கு."

அது ஆமை வேகத்தில் இறங்கியது. அங்கம்மா நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள். சினேகா தட்டி எழுப்பியபோது திரையில் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. முகமென்று எதுவுமில்லை, வண்ண வண்ணத் திட்டுகள்தான்.

"இதுல உன் வூட்டுக்காரரு யாருக்கா?"

"வாளியத் தூக்கிகினு ஒரு தோளு சாஞ்சி வருது பாரு, அதான்."

சிரிப்பு இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான ஒரு பழுப்பு. அதற்காகத்தானே இவ்வளவு தூரம் ஓடிவந்தாள்! அங்கம்மாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. சினேகா என்ன செய்வாள் பாவம், சத்தத்தைக் கூட்டினாள். அதில் மட்டும் ஒரு குறையுமில்லை. மேளம் கேட்டது, இலை போடுகிற சத்தம் கேட்டது, எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குரல்:

"ஏ அங்கு! ஊருக்கே பரிமாறிகினு கீறியே, நீ துன்னியா?"

அவர் போனபிறகு அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"இன்னும் துன்னல மாமா" என்றாள் அங்கம்மா, திரையைப் பார்த்து.